முடிவு பிறந்த ஊர்

“அக்கா, இட்லிங்களா, தோசைங்களா?” என்று பரிமாறுகிறவர் மூன்றாவது தடவை கேட்டதும் கோகிலவாணி அழ ஆரம்பித்துவிட்டாள்.

காந்திபுரத்தில், காலைக் கூட்டம் நெரிகிற ஒரு சைவ ஹோட்டல். பக்கத்து மேசைக்காரர்கள் அவளைப் பார்த்துவிட்டு, ஏதோ நான்தான் அவளைக் கொடுமைப்படுத்துகிறேன் என்பதுபோல என்னை முறைத்தார்கள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டு நடத்தும் வழக்கு. அதற்கு எனக்கு வாய்த்த ஒரே சாட்சி இந்தப் பெண். இவளோ இட்லிக்கும் தோசைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கண்ணைக் கசக்குகிறாள். விளங்கினாற்போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டியை நிறுத்திவிட்டு வந்த அவள் கணவன் மயில்சாமி, தூரத்திலிருந்தே நிலைமையைப் புரிந்துகொண்டு ஓடி வந்தான்.

“ரெண்டு இட்லி குடுங்ணா, சட்னி மட்டும் போதும்” என்று அவனே சொல்லியனுப்பினான். தோள் துண்டால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். “தப்பா நெனைக்காதீங்க மேடம். தனியா உட்டுட்டுப் போனது என்ற தப்பு. அது வேணுமா இது வேணுமான்னு ஆராச்சும் கேட்டா இவளுக்கு இப்படி ஆயிருதுங்க.”

என் பெயர் தமயந்தி. வருமான வரித்துறையில் துணை ஆணையர். சொந்த ஊர் சாத்தூர். வாய் கொஞ்சம் நீளம் என்பதால் ஊர் ஊராகத் தூக்கியடித்து, கடைசியில் கோயம்புத்தூரில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். யாராவது வரி ஏய்த்தால் மற்ற அதிகாரிகளுக்குச் சலிப்பு வரும். எனக்குக் கோபம் வரும். என் அத்தை பையன் டயாலிசிஸ் வார்டு மூடியதால் செத்தவன் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

விஷயம் இதுதான். கம்பெனிகள் இங்கே சம்பாதித்துவிட்டு, வரியே இல்லாத ஏதாவது ஒரு தீவில் லாபத்தைக் காட்டுகின்றன என்று உலக நாடுகள் எல்லாம் கூடி ஒரு ஒப்பந்தம் போட்டன. ஒரு கம்பெனியின் முக்கியமான முடிவுகள் எந்த ஊரில் பிறக்கின்றனவோ, லாபமும் அந்த ஊரில்தான் பிறக்கிறது. வரியும் அந்த ஊருக்குத்தான். தீவில் ஒரு பெயர்ப்பலகை மாட்டிவைத்து இனி ஏமாற்ற முடியாது, மனுஷன் உட்கார்ந்து யோசிக்கிற இடம்தான் கணக்கு என்றார்கள். நாங்களெல்லாம் கைதட்டினோம். கம்பெனிக்காரர்கள் கைதட்டவில்லை. வேறு வழி தேடினார்கள்.

அனர்வா என்ற கம்பெனி கண்டுபிடித்த வழியில்தான் வாணி ஏழு வருஷம் வேலை பார்த்தாள்.

“எங்கிட்டச் சொன்னதைத்தான் தீர்ப்பாயத்துலயும் சொல்லணும்” என்றேன். “ஒரு தடவை சொல்லிப் பாரும்மா.”

கதை சொல்வதில் அவளுக்கு ஒரு தடங்கலும் இல்லை. படித்த, கெட்டிக்காரப் பெண்.

“அவினாசி ரோட்டு ஆபீஸ்ல நான்தானுங்க விலைப் பிரிவுக்குத் தலைமை. உள்ள போனதும் நெத்தியில ஒரு பட்டி மாட்டிக்கோணும். டயாலிசிஸ் மெஷினு, அதுக்கு ஊத்தற திரவம், எல்லாத்துக்கும் விலை வெக்கறது என்ற வேலை. எந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு வேணும், அடக்க விலை என்ன, அவிய எவ்வளவு வரைக்கும் தாங்குவாங்க, எல்லாம் நானே யோசிப்பேன். யோசிச்சு முடிச்சுட்டு, ‘சரி, இதுதான்’னு கடைசியா மனசு ஒரு அழுத்து அழுத்துமுங்களே? அந்த அரை நொடி மட்டும் எனக்குள்ள நடக்காது.”

“எங்க நடக்கும்?”

“மொரெல்லா தீவுல. அங்கே ஒரு கம்ப்யூட்டர்ல என்ற மனசோட நகல் இருக்குதுங்க. அது அழுத்தும். அழுத்தினது பட்டி வழியா எனக்கு வந்துரும். நானே முடிவு பண்ணினாப்லதான் இருக்கும். வித்தியாசமே தெரியாது.”

ஆக, யோசிப்பது கோயம்புத்தூரில். மெஷின் செய்வது ஓசூரில். வாங்குவது நம்மூர் ஆஸ்பத்திரிகள். ஆனால் முடிவு என்கிற அந்த அரை நொடி மட்டும், முந்நூறு பேர் வசிக்கிற, வரி என்ற வார்த்தையே இல்லாத மொரெல்லாவில். அதனால் மொத்த லாபமும் மொரெல்லாவில் பிறந்ததாகக் கணக்கு. கோவை ஆபீசுக்கு வருஷா வருஷம் நஷ்டம். அரசு ஆஸ்பத்திரிகளில் டயாலிசிஸ் வார்டுகளை ஒவ்வொன்றாகப் பூட்டுகிறார்கள், மெஷின் வாங்கக் காசில்லை என்று. காசு வராமல் செய்தவனே அந்த மெஷினை யானை விலைக்கு விற்கிறான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

“பட்டியைக் கழட்டினா வீட்டுல எப்படி இருந்துச்சு?”

“மொதல்ல ஒண்ணும் தெரியலீங்க. அப்புறம் சந்தைக்குப் போனா கத்திரிக்கா எடுக்கறதா, வெண்டைக்கா எடுக்கறதான்னு நின்னுட்டே இருப்பேன். ஒரு நா ரோட்டத் தாண்டறதா வேண்டாமான்னு தெரியாம நடுவுல நின்னுட்டேன். டாக்டர் சொன்னாருங்க, மாவுக்கட்டுப் போட்ட காலு மெலிஞ்சு போற மாதிரி, முடிவு பண்ற எடம் மெலிஞ்சு போச்சுன்னு.”

“கம்பெனியில என்ன சொன்னாங்க?”

“ஒடம்பு பாத்துக்க அம்மணின்னு அனுப்பிட்டாங்க. என்ற எடத்துல வேற ஒரு புள்ள உக்காந்திருக்குது. பட்டி மாட்டிக்கறது அவ. அழுத்தறது இன்னமும் என்ற நகல்தான்.”

மயில்சாமி குறுக்கிட்டான். “அந்த நகலத் திருப்பிக் குடுத்தாப் போதுமுங்க மேடம். அத வெச்சுக் கொஞ்சங் கொஞ்சமாப் பழக்குனா ஒரு வருசத்துல பழையபடி ஆயிருவாள்னு டாக்டர் சொல்றாரு. கம்பெனி தர மாட்டேங்குது. அது மொரெல்லாச் சொத்தாமா. வெள்ளாமக் காட்ட வித்துக் கேஸ் போடலாமான்னு இவளக் கேக்கறேன். பதில் சொல்லத் தெரியாம அழுவறா.”

எனக்கு அப்போது ஒரு நியாயம் பளிச்சென்று தெரிந்தது. முடிவுகள் கோவையில், வாணியின் தலையில்தான் பிறந்தன என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டால் வரி நமக்கு. அந்த நகலும் மொரெல்லாவுக்குச் சொந்தமில்லை என்றாகிவிடும். இரண்டும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிற மாடுகள்தானே, ஒன்றை இழுத்தால் மற்றது வராதா?

“இங்க பாரு வாணி. நாம ஜெயிச்சா உன் நகலை உனக்கே வாங்கித் தர்றது என் பொறுப்பு. இது சத்தியம்” என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்புவதா வேண்டாமா என்பதும் ஒரு முடிவுதான் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

தீர்ப்பாயத்தில் அனர்வாவுக்கு வந்திருந்த வக்கீல் ஹரிநாராயணன் டெல்லியில் பேர்போன ஆள். குரலை உயர்த்தவே மாட்டார். சாட்சிக் கூண்டில் நின்ற வாணியிடம் கல்யாண வீட்டில் உபசரிப்பதுபோலப் பேசினார்.

“நின்னு களைச்சிருப்பீங்கம்மா. காபி சாப்பிடறீங்களா, டீ சாப்பிடறீங்களா?”

நான் எழுந்து கத்துவதற்குள் அவள் முகம் வெளிறிவிட்டது. எங்கள் பக்கமும் அவர் பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அவசரமில்லை. நிதானமா முடிவு பண்ணுங்க” என்றார் அவர்.

மயில்சாமி பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டான். பாவி, இப்படி ஒரு கொலையை இவ்வளவு மரியாதையாகச் செய்ய முடியுமா என்று எனக்கு ரத்தம் கொதித்தது.

“கனம் தலைவர் கவனிக்க வேண்டும்” என்று அவர் திரும்பினார். “ஒரு காபியைக்கூட இந்த அம்மாளால் முடிவுசெய்ய இயலவில்லை. கோடிக்கணக்கான ரூபாய் வியாபாரத்தை இவர்தான் கோவையில் உட்கார்ந்து முடிவுசெய்தார் என்று வரித்துறை சொல்கிறது. இவரிடம் இல்லாத ஒன்று இங்கே எப்படிப் பிறந்திருக்க முடியும்?”

அவர்கள் செய்த காயமே அவர்களுக்குச் சாட்சியாகிவிட்டது.

அத்தோடு உட்கார்ந்திருந்தால் ஹரிநாராயணன் ஜெயித்திருப்பார். மனுஷனுக்கு ஆசை விடவில்லை. பெட்டியிலிருந்து பட்டியை எடுத்தார். வாணி அணிந்த அதே பட்டி. அவள் நகலோடு இணைப்பில் இருக்கிறது என்றார்.

“இதைப் போட்டுக்கொண்டால் இதே அம்மாள் உடனே முடிவு சொல்வார். அதிலிருந்தே முடிவு எங்கிருந்து வருகிறது என்பது விளங்கிவிடும். அனுமதி வேண்டும்.”

தலைவர் ஒரு வயதான அம்மா. வாணியைப் பார்த்து, “உனக்குச் சம்மதமா?” என்று கேட்க வாயெடுத்தவர், கேள்வியை அப்படியே விழுங்கிவிட்டு மயில்சாமியைப் பார்த்தார். அவன் தலையசைத்தான்.

பட்டி நெற்றியில் ஏறியதும் நான் பார்த்த மாற்றத்தை எப்படிச் சொல்வது! கூன் விழுந்திருந்த தோள் நிமிர்ந்தது. கண் ஒரே இடத்தில் நின்றது. அப்போதுதான் நான் உண்மையான கோகிலவாணியை முதல்முறையாகப் பார்க்கிறேன் என்று தோன்றியது. அவள் முதலில் வக்கீலைப் பார்க்கவில்லை. பின்வரிசையைப் பார்த்தாள்.

“மாமா, காட்ட விக்காதீங்க. எனக்காக விக்கவே விக்காதீங்க. பாப்பா படிப்புக்கு வெச்சிருங்க” என்றாள்.

மயில்சாமி சின்னப் பிள்ளைபோல விசும்பினான்.

“பார்த்தீர்களா?” என்று வக்கீல் புன்னகைத்தார். “இப்போது வேலை சம்பந்தமாக ஒன்று கேட்கிறேன். டயாலிசிஸ் திரவத்துக்கு என்ன விலை வைக்கலாம்? சும்மா ஒரு உதாரணத்துக்குச் சொல்லுங்கள்.”

“அடக்க விலை” என்றாள் வாணி, இமைக்காமல். “திரவத்துக்கு மட்டுமில்லீங்க. மெஷினு, ஊசி, குழாய், எல்லாத்துக்கும். எல்லா ஆஸ்பத்திரிக்கும். இந்த நிமிசத்துல இருந்து.”

வக்கீல் சிரித்தபடியே நன்றி சொன்னார். அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அனர்வா அதிகாரிகளின் சட்டைப்பைகளில் ஒவ்வொரு போனாக அலற ஆரம்பித்தது.

நடந்தது இதுதான். அந்த ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு: பட்டி போட்டுச் சொன்னால் சொன்னதுதான். விலைப் பிரிவின் தலைமை வாயால் ஒரு விலை வந்துவிட்டால், அதற்கு மேல் யாருடைய ஒப்புதலும் தேவையில்லை; அடுத்த நொடியே எல்லா ஆஸ்பத்திரிக்கும் போய்விடும். இடையில் இன்னொரு மனுஷன் கையெழுத்து இருந்தால், முடிவு அவன் இருக்கும் ஊரில் பிறந்ததாகிவிடும் என்ற பயம்தான் காரணம். சரி, வாணியைத்தான் அனுப்பிவிட்டார்களே, பதிவில் தலைமை என்றிருந்த அவள் பெயரை ஏன் நீக்கவில்லை? நீக்கிப் புதுப் பெயரை ஏற்றினால் மொரெல்லாவில் மறுபடி பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும். கோடிகளை ஏப்பம் விட்டவர்கள் அந்த அற்பக் கட்டணத்தில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். கஞ்சத்தனம் பிறவிக்குணம், எங்கே போகும்?

ஓர் அதிகாரி ஓடிவந்து வக்கீலின் காதைக் கடித்தார். ஹரிநாராயணன் முகத்தில் முதல்முறையாக நிறம் மாறியது. குரல் முதல்முறையாக உயர்ந்தது.

“கனம் தலைவர் அவர்களே, இதைப் பதிவுசெய்யக் கூடாது! இது கம்பெனியின் முடிவே அல்ல! இந்த அம்மாள் இங்கே உட்கார்ந்துகொண்டு, தம் சொந்த விருப்பத்துக்கு, தாமாகவே...”

நிறுத்திக்கொண்டார். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டதே.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “சொல்லுங்க. இங்கே உட்கார்ந்துகொண்டு?”

அடக்க விலையை ஏற்றால் கம்பெனி அன்றே திவால். மறுத்தால், பட்டி போட்டுச் சொன்ன முடிவு கோவையில், வாணிக்குள் பிறந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அரை மணி நேர இடைவேளை கேட்டார்கள். திரும்பி வந்து, அந்த விலை சாட்சியின் சொந்த முடிவு என்று எழுதிக்கொடுத்தார்கள். நான் மண்டபம் என்றும் பாராமல் மேசையைத் தட்டிவிட்டேன்.

வாணியின் பட்டியைக் கழற்ற ஆள் வந்தபோது அவள் நெற்றியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். “இன்னுங் கொஞ்ச நேரமுங்க” என்று கெஞ்சினாள். கழற்றிவிட்டார்கள்.

தீர்ப்பு எங்கள் பக்கம். முடிவுகளும் அவற்றை அழுத்திய நகல்களும் கோயம்புத்தூரில் பிறந்தவை; ஏழு வருஷ லாபத்துக்கும் இந்தியாவில் வரி கட்ட வேண்டும். ஆபீசில் எல்லாருக்கும் நானே மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். வசூலிக்கப் போனபோதுதான் தெரிந்தது, அனர்வாவிடம் இங்கே ஒரு மண்ணும் இல்லை. கட்டடம் வாடகை. ஓசூர் ஆலையின் யந்திரங்கள்கூட மொரெல்லாவிலிருந்து குத்தகை. பேங்கில் துடைத்து வைத்ததுபோல ஒன்றுமில்லை. இந்தியாவில் பிறந்த சொத்து என்று தீர்ப்பே சொன்ன ஒன்றுதான் எஞ்சியிருந்தது. ஊழியர்களின் நகல்கள். துறை அவற்றை ஜப்தி செய்தது.

ஆணையர் ஆல்பர்ட் துரைராஜ் கூப்பிட்டு அனுப்பினார். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாத மனிதர்.

“விலைப் பிரிவு நகலுக்கு மட்டும் பெரிய கிராக்கிம்மா. ஏலத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே கேக்கறாங்க.”

“யாரு சார்?”

“ஒரு கம்பெனி. வேற தீவு.”

“சார், அது ஒரு பொம்பளையோட மனசு. நான் அவளுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்.”

“சத்தியம் நீங்க பண்ணினீங்க. துறை பண்ணலையே” என்றார், கோபமில்லாமல். “ஈரோடு, கரூர், தர்மபுரி, நீலகிரி. நாலு ஜில்லாவுலயும் பூட்டின வார்டைத் திறந்திரலாம், அந்தப் பணத்துல. சர்க்கார்கிட்ட எழுதிக்கூட வாங்கிட்டேன். உங்க சொந்தக்காரப் பையன் எப்படிப் போனான்னு எனக்கும் தெரியும் தமயந்தி. அந்தப் பணத்தை விட்டுக்கொடுக்கச் சொல்றீங்களா?”

என் அறைக்குத் திரும்பி விதிப் புத்தகத்தைப் புரட்டினேன்.

ஒரு வழி மட்டும் இருந்தது. ஜப்தியான பொருள் தன்னுடையது என்று ஒருவர் ஆட்சேபித்தால், துறை அதை விட்டுத்தான் ஆக வேண்டும். கெடுவுக்குள் மனு தர வேண்டும். உரிமையாளர் யாருடைய தூண்டுதலும் இல்லாமல், சொந்த விருப்பத்தின்பேரில், அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட வேண்டும்.

கெடு முடிகிற அன்று மனுவை எடுத்துக்கொண்டு கோவைக்குப் பக்கத்தில் சூலூரில் அவர்கள் வீட்டுக்கு நானே போனேன். விதிப்படி மயில்சாமியை வெளியே நிற்கச் சொன்னேன். விதிப்படி கேமராவை ஓடவிட்டேன். கையெழுத்துப் போட்டால் நகல் அவளுக்கு, போடாவிட்டால் ஏலத்துக்கு, ஏலப் பணத்தில் நாலு ஜில்லாவுக்கு டயாலிசிஸ் என்று விதிப்படி இரண்டு பக்கத்தையும் சொன்னேன். அதற்கு மேல் போடு, போடாதே என்று நான் வாயைத் திறந்தால் மனு செல்லாது.

“எத்தன பேருக்கு ஆகுமுங்க, அந்த வார்டெல்லாம்?” என்று கேட்டாள்.

“நிறையப் பேருக்கு.”

“ம்.”

பேனாவை எடுத்தாள். முனையைத் தாளில் வைத்தாள். ஒரு புள்ளி விழுந்தது. அப்படியே இருந்தாள். போடுடி, போட்டுத் தொலையேன் என்று என் உள்ளே ஒருத்தி கத்தினாள். போடாதே என்று கத்தியதும் நான்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே மயில்சாமி முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்த அவர்கள் மகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆபீஸ் நேரம் முடிந்தது. கேமரா தானாக அணைந்தது. வாணி பேனாவை மூடி, என் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “இப்பச் சொல்லலாம் வாணி. நீ வேணும்னு போடாம விட்டியா? இல்ல, போட முடியலையா?”

அவள் தாளில் விழுந்திருந்த புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“எனக்கே தெரியலீங்க மேடம்” என்றாள்.

மறுநாள் கோப்பை முடித்தாக வேண்டியிருந்தது. ஆணையர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். ஆட்சேபம் வராததற்குக் காரணம் எழுதும் இடத்தில், ‘உரிமையாளர் தம் சொந்த விருப்பத்தின்பேரில் விட்டுக்கொடுத்தார்’ என்று எழுதினேன். அதற்குக் கீழே, முடிவு எடுக்கப்பட்ட இடம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் கோயம்புத்தூர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.